கதவைத் தூக்குவது யார்?



இந்த வாரம் ஒரு கேள்வியோடு தொடங்குவோம். காலையில் மளிகைக் கடைக்காரர் ஷட்டரின் பூட்டைத் திறக்கிறார். குனிந்து, கைப்பிடியைப் பிடித்து, ஓர் இழுப்பு. கடகடவென்று அந்த இரும்புத் திரை மேலே ஏறிச் சுருண்டுகொள்கிறது. அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்பவர். அதே திரையைக் கழற்றித் தரையில் போட்டால் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து தூக்குவதற்கும் மூச்சு வாங்கும். அப்படியானால் தினமும் காலையில் அதைத் தூக்குவது யார்?

மேலே, உருளைக்குள், கண்ணுக்குத் தெரியாமல் முறுக்கேறிக் கிடக்கும் ஸ்பிரிங்தான் தூக்குகிறது. கடைக்காரரின் கை 'கிளம்பு' என்று சொல்கிறது, அவ்வளவுதான். பாரம் முழுவதும் ஸ்பிரிங்கின் தோளில்.

கதவு இலேசாக இருக்கும்வரை நாம் அதை நினைப்பதில்லை. ஒரு நாள் படார் என்று வெடிக்கும்போதுதான் வீட்டில் இப்படி ஒரு பொருள் இருந்ததே தெரியவருகிறது. அந்த நாளில் நாம் என்ன செய்கிறோம், என்ன செய்யாமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தே விரலும் கையும் தப்பும். சில வேளைகளில் உயிரும்.

நம் வட்டாரத்தில் எங்கே இருக்கிறது?

"கராஜ் கதவெல்லாம் ஆங்கிலப் படத்தில் வருவதுதானே, நம் வீட்டில் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். பாதி உண்மை. தம்போய் இண்டா, தம்போய் உத்தாமா போன்ற தாமான்களின் வரிசை வீடுகளில் காருக்கென்று தனி அறை கிடையாது. கூரை போட்ட போர்ச், முன்னால் ஓர் ஆட்டோ கேட். அந்த கேட்டில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. அதற்கு வேறு ஆபத்து உண்டு, பிறகு வருகிறேன்.

ஆனால் பங்களா வீடுகளிலும், புதிய குடியிருப்புகள் சிலவற்றிலும், மேல்நோக்கி மடிந்து திறக்கும் கராஜ் கதவு வந்துவிட்டது. அதைவிட முக்கியம், நம்மவர்களின் கடைகள். முடிதிருத்தும் நிலையம், உணவகம், பூக்கடை, கார் பட்டறை என்று எல்லாவற்றுக்கும் முன்னால் தொங்குவது ரோலர் ஷட்டர். தொழிற்பேட்டைப் பக்கம் போனால் வரிசை வரிசையாக அதுதான். கீழே கடை, மேலே வீடு என்று வாழும் குடும்பங்களுக்கு வீட்டு வாசலும் ஷட்டர்தான்.

ஜொகூர் பாருவில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. விடிவதற்கு முன்பே கிளம்பிப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகும் வீடுகள் இங்கே ஏராளம். காலை நான்கரை மணிக்குக் கதவு திறக்கவில்லை என்றால் அது வெறும் பழுது கிடையாது, ஒரு நாள் சம்பளம். அந்த அவசரத்தில்தான் ஏணியைப் போட்டு ஏறத் தோன்றும். ஏறக்கூடாத நேரமும் அதுதான்.

எப்படி வேலை செய்கிறது?

மேலே தூக்கித் திறக்கும் கராஜ் கதவை 1921-இல் அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் என்பவர் உருவாக்கினார். அதற்கு மின்மோட்டாரையும் 1926-இல் அவரே கொண்டுவந்தார். நூறு ஆண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. கதவின் எடைக்கு ஈடாக ஒரு ஸ்பிரிங் எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தராசின் இரண்டு தட்டுகள் போல. ஒரு தட்டில் கதவு, மறு தட்டில் ஸ்பிரிங். இரண்டும் சமமாக இருந்தால் சிறுபிள்ளை தொட்டாலும் கதவு நகரும்.

நாம் பார்க்கும் ஸ்பிரிங்குகள் மூன்று வகை.

முதலாவது முறுக்கு ஸ்பிரிங். கராஜ் கதவுக்கு மேலே, சுவரை ஒட்டி, குறுக்காக ஓர் இரும்புத் தண்டு போகும். அதைச் சுற்றி ஒன்றோ இரண்டோ தடித்த ஸ்பிரிங்குகள் இருக்கும். தண்டின் இரு முனையிலும் உருளை. அதிலிருந்து இறங்கும் கம்பிவடம் கதவின் அடிமூலையைப் பிடித்திருக்கும்.

இரண்டாவது இழு ஸ்பிரிங். கதவின் இரு பக்கமும், கூரையை ஒட்டிய தடத்தின் மேலே நீளவாக்கில் இருக்கும். கதவு இறங்கும்போது இழுபட்டு நீளும்.

மூன்றாவது நம் கடைகளின் ஷட்டர். திரை சுருளும் உருளைக்குள்ளேயே ஸ்பிரிங் ஒளிந்திருக்கும். நடுவில் ஒரு தண்டு அசையாமல் இரு பக்கச் சுவரிலும் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். திரையை இறக்கும்போது உருளை சுழல, உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறும்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்றை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கிறது. வீடே உறங்கும் நேரத்தில், கதவு அசையாமல் அமைதியாக நிற்கும் நேரத்தில், ஸ்பிரிங் தன் முழு பலத்தோடு காத்திருக்கிறது.

எவ்வளவு பலம்?

இழுத்த அளவுக்கு ஏற்ப ஸ்பிரிங் எதிர்த்து இழுக்கும் என்ற விதியைக் கண்டவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். பிறர் முந்திக்கொள்ளக் கூடாது என்று 1676-இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். 1678-இல்தான் விடையை அவிழ்த்தார். பள்ளியில் நாம் படித்த ஹூக் விதி அதுதான்.

அதை நம் வாசலுக்குக் கொண்டுவருவோம். ஒரு கராஜ் கதவு 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 2 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதற்குத் தேவையான ஆற்றல் ஏறக்குறைய 1,400 ஜூல். ஜூல் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசிக் கணக்கு. பத்துக் கிலோ அரிசிப் பை ஏழு. ஏழையும் ஒன்றாகக் கட்டி, உங்கள் தலைக்கு மேலிருந்து கீழே விட்டால் எவ்வளவு வேகத்தோடு தரையில் மோதுமோ, அவ்வளவு ஆற்றலும் அந்தச் சுருள் கம்பிக்குள் அடைபட்டிருக்கிறது.

கதவோடு சேர்ந்து மெல்ல வெளிவந்தால் அது சேவகம். போல்ட் தளர்ந்து ஒரே கணத்தில் வெளிவந்தால், அதைப் பிடித்திருக்கும் ஸ்பேனர் நம் முகத்துக்கு வரும்.

இதனால்தான் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உடைந்து தொங்கும் ஸ்பிரிங்கைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். உண்மையில் அது தன் பலத்தையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டது. பயப்பட வேண்டியது இன்னும் உடையாத ஸ்பிரிங்கைப் பார்த்துத்தான். இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில் ஒன்று உடைந்தால், பக்கத்தில் சாதுவாக நிற்கும் மற்றொன்று முழு முறுக்கில் இருக்கிறது.

ஏன் உடைகிறது?

ஒரு கம்பியை எடுத்து இங்கும் அங்கும் மடக்கிக்கொண்டே இருங்கள். முதல் மடிப்பில் ஒன்றும் ஆகாது. பத்தாவது, இருபதாவது மடிப்பில் 'டக்' என்று ஒடியும். ஒவ்வொரு மடிப்பும் கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒரு மயிரிழை நீட்டுகிறது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

உலகம் இதைக் கற்றுக்கொண்டது கொடுமையான வழியில். 1842 மே 8-ஆம் தேதி வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் இயந்திர அச்சு முறிந்து, 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய அச்சு எப்படி முறியும் என்ற கேள்வி பொறியாளர்களை உறங்கவிடவில்லை. பின்னர் ஜெர்மனியின் ஆகுஸ்ட் வோலர், அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பார்த்து, ஓர் உலோகம் எவ்வளவு பாரத்தை எத்தனை முறை தாங்கும் என்று கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைதான் உங்கள் வீட்டு ஸ்பிரிங். கராஜ் கதவு ஸ்பிரிங்கிற்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆயுள் 10,000 சுற்று. ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சுற்று. வீட்டில் இரண்டு கார் என்றால் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ஆக ஒரு நாளைக்கு நான்கு சுற்று. 2,500 நாள், அதாவது ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகள் சைக்கிளை எடுக்க, குப்பை கொட்ட, பார்சல் வாங்க என்று எட்டு முறை திறந்தால் மூன்றரை ஆண்டுகூட வராது. கதவு வாங்கி எத்தனை ஆண்டு என்று கேட்பதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறோம் என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

கடை ஷட்டருக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலையில் திறந்து இரவில் மூடினால் ஒரு நாளைக்கு ஒரு சுற்று. 10,000 சுற்று வர 27 ஆண்டு ஆகும். அப்படியும் ஷட்டர் ஸ்பிரிங் அதற்கு வெகு முன்பே உடைவதற்கு முதல் காரணம் துரு. ஆண்டு முழுவதும் மழையும் ஈரமும் உள்ள ஊர் நமது. துரு கம்பியின் மேல் சின்னச் சின்னக் குழிகளைத் தோண்டுகிறது. ஒவ்வொரு குழியும் விரிசல் தொடங்க ஒரு வாசல். வீட்டு ஸ்பிரிங் எண்ணிக்கையால் சாகிறது, கடை ஸ்பிரிங் துருவால் சாகிறது.

நீங்களே செய்யக்கூடியவை

நல்ல செய்தி, பராமரிப்பு முழுவதும் நம் கையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஓய்வு நாளில் அரை மணி நேரம் போதும்.

முதலில் கண். கதவை மூடிவிட்டு, மோட்டாரின் மின் இணைப்பை நிறுத்திவிட்டு, தரையில் நின்றபடியே கைப்பேசியின் விளக்கை அடித்து மேலே பாருங்கள். ஸ்பிரிங்கில் துரு உண்டா? சுருள்களுக்கு நடுவே எங்காவது இடைவெளி தெரிகிறதா? கம்பிவடம் நைந்து நூல்நூலாகப் பிரிந்திருக்கிறதா? தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

அடுத்து எண்ணெய். வெளியே தெரியும் முறுக்கு ஸ்பிரிங், உருளைகளின் அச்சு, கீல்கள் ஆகியவற்றின் மேல் சிலிக்கோன் அல்லது லித்தியம் வகை ஸ்ப்ரேயை மெல்லிய படலமாக அடியுங்கள். இங்கே பலரும் எடுப்பது வீட்டில் இருக்கும் நீல மஞ்சள் டின்னை. டபிள்யூடி-40 என்ற பெயரின் பொருளே நீரை விரட்டுவது. 1953-இல் நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் 40. ஈரத்தைப் போக்கவும், இறுகிய துருவைத் தளர்த்தவும் அது நல்லது. நாள்கணக்கில் நின்று மசகு கொடுக்கும் வேலைக்கு அதற்கென உள்ள ஸ்ப்ரேதான் சரி. சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசி ஒட்டிப் பிசினாகிவிடும்.

பக்கவாட்டுத் தடங்களுக்குக் கிரீஸ் பூசாதீர்கள். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டாலே போதும். கடை ஷட்டரில் ஸ்பிரிங் உள்ளே இருப்பதால் நாம் எண்ணெய் விட முடியாது. தடங்களில் அடைந்திருக்கும் மண், சுவரொட்டித் துண்டு, சிகரெட் முனை இவற்றைச் சுத்தம் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தொழில் தெரிந்தவரை அழைத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது தராசுச் சோதனை. ஸ்பிரிங்கும் கம்பிவடமும் முழுமையாக இருக்கின்றன என்று கண்ணால் உறுதி செய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். கதவு முழுதாக மூடியிருக்கும்போது, மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை மோட்டாரிலிருந்து விடுவியுங்கள். பிறகு கையால் இடுப்பு உயரம்வரை தூக்கி, மெல்லப் பிடியைத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் தராசு சமம். கீழே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மேலே ஓடினால் முறுக்கு அதிகம். கையால் தூக்கும் கடை ஷட்டரையும் இப்படியே பாதி உயரத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

நான்காவது, மோட்டார் உள்ள வீடுகளுக்கு. கதவு இறங்கும் இடத்தில் ஒரு மரக்கட்டையைப் படுக்கவைத்து ரிமோட்டை அழுத்துங்கள். கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பி மேலே போக வேண்டும். பிறகு கதவு இறங்கும்போது, தரைக்கு அருகே இருக்கும் சென்சார் கண்ணுக்கு முன்னால் ஒரு துடைப்பத்தை நீட்டிப் பாருங்கள். அப்போதும் திரும்ப வேண்டும். இறங்கும் கதவுக்கு அடியில் குழந்தைகள் சிக்கியதைப் பார்த்த பிறகுதான் அமெரிக்கா, 1993 முதல் தயாரிக்கப்படும் வீட்டுக் கராஜ் மோட்டார்களில் இத்தகைய கூடுதல் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. உங்கள் கதவு திரும்பவில்லை என்றால், சரிசெய்யும்வரை ரிமோட்டைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கதவு பேசும் மொழி

ஸ்பிரிங் சில வேளைகளில் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பல வேளைகளில் முன்கூட்டியே பேசும். நாம்தான் கேட்பதில்லை. வழக்கத்தைவிடக் கதவு கனக்கிறதா? மோட்டார் முனகுகிறதா, பாதியில் நின்று நின்று போகிறதா? மூடும்போது கடைசி ஓர் அடியில் தொப்பென்று விழுகிறதா? ஒரு பக்கம் உயர்ந்து மறு பக்கம் தாழ்ந்து கோணலாக ஏறுகிறதா? ஷட்டரை மேலே விட்டால் தானாக வழுக்கி இறங்குகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆளைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

"பழசாயிடுச்சு, கொஞ்சம் பலமா இழுத்தா வரும்" என்று சொல்லும் வீடுகள் நிறைய. அந்தக் 'கொஞ்சம் பலமா'வில்தான் முதலில் அப்பாவின் முதுகு போகிறது. பிறகு மோட்டாரின் பல்சக்கரம் போகிறது. கடைசியில் ஸ்பிரிங்கும் போகிறது. ஒரு பொருளோடு முடிந்திருக்க வேண்டிய செலவு மூன்றாகிறது.

கை வைக்கக் கூடாதவை

"மச்சான், வலையொளியில பார்த்தேன். அரை மணி நேர வேலைதான், நாமளே பண்ணிடலாம்" என்று சொல்லும் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். நல்ல மனம்தான். செலவைக் குறைக்கும் எண்ணம்தான். ஆனால் காணொளியில் பார்க்கும் ஆள் அதை ஆயிரம் முறை செய்தவர். அவர் கையில் இருக்கும் கருவியும் நம் வீட்டில் கிடையாது.

முறுக்கு ஸ்பிரிங்கை மாற்றுவதென்றால் என்னவென்று பார்ப்போம். 7 அடி உயரக் கதவுக்கு ஸ்பிரிங்கை ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு கம்பியைத் துளையில் செருகி, தள்ளி, அதைப் பிடித்தபடியே மறு கம்பியைச் செருக வேண்டும். ஆக முப்பது முறை. முப்பது முறையும் அந்த ஏழு அரிசிப் பையின் பலம் கையில் ஏறிக்கொண்டே வரும். துளைக்குப் பொருத்தமான முறுக்குக் கம்பிக்குப் பதில் திருப்புளியைச் செருகினால், அது வழுக்கும் ஒரு கணம் போதும்.

கடை ஷட்டரில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. தண்டைச் சுவரோடு பிடித்திருக்கும் அந்தச் சாதாரண போல்ட். பார்த்தால் அலமாரி போல்ட் மாதிரி இருக்கும். அதைத் தளர்த்தினால் தண்டு அசுர வேகத்தில் சுழலும். தொழில்காரர் பெரிய பைப் ரெஞ்சைப் போட்டு, தண்டை இறுகப் பிடித்துக்கொண்டுதான் அதைத் தொடுவார்.

ஆகவே மூன்று இடங்களில் ஸ்பேனர் வைக்காதீர்கள். ஒன்று, ஸ்பிரிங்கின் முனையில் உள்ள திருகுகள். இரண்டு, கதவின் அடிமூலையில் கம்பிவடம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு. மூன்று, ஷட்டர் தண்டின் போல்ட். இந்த மூன்றைத் தவிர மற்ற பராமரிப்பெல்லாம் உங்களுடையது. இந்த மூன்றும் பயிற்சி உள்ளவருடையது.

இழு ஸ்பிரிங் இருக்கும் வீட்டில் ஒன்றை மட்டும் கூடுதலாகப் பாருங்கள். ஸ்பிரிங்கின் நடுவே ஒரு பாதுகாப்புக் கம்பிவடம் ஓட வேண்டும். ஸ்பிரிங் உடைந்தால் துண்டுகள் பறக்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

உடைந்துவிட்டால்

வெடிச்சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறீர்கள். கதவு மூடியிருக்கிறது. மேலே ஸ்பிரிங்கில் இரண்டு அங்குல இடைவெளி. முதலில், ரிமோட்டை அழுத்தாதீர்கள். மோட்டார் சமநிலையில் உள்ள கதவை நகர்த்த வந்தது, முழுப் பாரத்தையும் தூக்க வந்ததல்ல. மின் இணைப்பை நிறுத்திவிட்டுக் கதவை அப்படியே விடுங்கள். மூடிய கதவு எங்கும் விழாது.

கதவு திறந்திருக்கும்போது உடைந்தால் நிலைமை வேறு. அப்போது சிவப்புக் கயிற்றைத் தொடவே கூடாது. கதவைத் தாங்கி நிற்பது மோட்டாரின் பிடி மட்டும்தான். கயிற்றை இழுத்தால் எழுபது கிலோவும் ஒரே வீச்சில் இறங்கும். பிள்ளைகளையும் பூனை, நாயையும் தள்ளி நிற்கச் சொல்லி, யாரும் கீழே போகாதபடி ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஷட்டர் பாதியில் கோணலாக மாட்டிக்கொண்டாலும் இதே முறைதான். குனிந்து உள்ளே நுழைந்து சாவியை எடுக்க நினைக்காதீர்கள்.

கார் உள்ளே, வேலைக்கு நேரமாகிறது என்றால் அன்றைக்கு இ-ஹெய்லிங் வண்டியில் போய்விடுவது மலிவு. யாராவது கதவடியில் சிக்கிக்கொண்டால் 999-ஐ அழையுங்கள். பதற்றத்தில் மோட்டாரை இயக்கிப் பார்க்க வேண்டாம்.

ஆளைக் கூப்பிடும்போது

ஸ்பிரிங் என்று சொன்னாலே ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. கேட்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். குறைந்தது இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். புலனத்தில் கதவின் படத்தோடு அகலம், உயரம், எந்தப் பொருளால் ஆனது, மோட்டார் உண்டா என்ற விவரங்களையும் அனுப்புங்கள்.

வந்தவரிடம் கேட்க வேண்டியவை நான்கு. புதிய ஸ்பிரிங்கின் கம்பித் தடிப்பு, உள்விட்டம், நீளம் மூன்றும் பழையதோடு பொருந்துகிறதா, அல்லது கதவை எடைபோட்டுத் தேர்ந்தெடுத்தீர்களா? எத்தனை சுற்று ஆயுள்? இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுகிறீர்களா? உத்தரவாதம் எழுத்தில் உண்டா?

இரண்டையும் மாற்றச் சொல்வது வியாபாரத் தந்திரம் என்று எண்ண வேண்டாம். இரண்டும் ஒரே நாளில் பொருத்தப்பட்டவை, ஒரே எண்ணிக்கையில் உழைத்தவை. ஒன்று போனால் மற்றதும் வாசலில்தான் நிற்கிறது. 10,000 சுற்றுக்கு மேல் உழைக்கும் ஸ்பிரிங்குகளும் உண்டு. கதவை அடிக்கடி திறக்கும் வீடென்றால் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவது இலாபம்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன், தராசுச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். எஸ்எஸ்எம் பதிவு எண் உள்ள ரசீதை வாங்குங்கள். அந்த ரசீது ஒரு நாள் உதவும். வேலை தரமில்லாமல் போய், கேட்டும் சரிசெய்து தரவில்லை என்றால், மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

கடை முதலாளிகளுக்கு ஒரு சொல்

ஷட்டர் மாட்டிக்கொண்டால் நம் கடைகளில் முதலில் கூப்பிடப்படுபவர் கடையில் வேலை செய்யும் பையன். "ஏறி ஒரு தட்டுத் தட்டுப்பா, இறங்கிடும்" என்று ஸ்டூலைப் போட்டுக் கொடுக்கிறோம். அவன் இளைஞன், மாட்டேன் என்று சொல்லத் தயங்குபவன், பல வேளைகளில் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். உருளைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

1994-ஆம் ஆண்டு தொழிலிட பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. 2024 ஜூன் 1 முதல் அது சில துறைகளோடு நில்லாமல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. இரண்டு பேர் வேலை பார்க்கும் சின்னக் கடையும் அதில் அடக்கம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பையன் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புவது அவனுடைய இரண்டு கைகளை நம்பித்தான்.

ஸ்பிரிங் இல்லாத வீடுகளுக்கு

தொடக்கத்தில் சொன்ன ஆட்டோ கேட்டுக்கு வருவோம். நகரும் கேட்டில் ஸ்பிரிங் இல்லை, ஆனால் அதே பாரம் உண்டு. இங்கே அதைத் தாங்குவது அடிச்சக்கரமும், மேலே நிமிர்த்திப் பிடிக்கும் உருளைகளும், தடத்தின் கோடியில் இருக்கும் நிறுத்துக் கட்டையும்தான். அந்தக் கட்டை உடைந்துபோய், மோட்டாரையும் விடுவித்துவிட்டுக் கையால் வேகமாகத் தள்ளினால் கேட் தடத்தைவிட்டு வெளியேறிச் சாய்ந்துவிடும். கேட்டைப் பிடித்துத் தொங்கி விளையாடுவது பிள்ளைகளுக்கு எப்போதுமே பிடித்தமானது என்பதால் இதைச் சொல்கிறேன். கோடியில் கட்டை இரு பக்கமும் உறுதியாக இருக்கிறதா, மேல் உருளைகள் ஆடுகின்றனவா என்று இன்றே பாருங்கள். மின்சாரம் போகும் இரவில் தேடாமல் இருக்க, மோட்டாரைக் கையால் விடுவிக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருங்கள்.

வீட்டில் இளையவர்கள் இருந்தால் இந்த வார வேலையை அவர்களிடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை கதவு திறக்கிறது என்று ஒரு வாரம் எண்ணி, 10,000-ஐ அதால் வகுக்கச் சொல்லுங்கள். கதவு பொருத்திய தேதியோடு கூட்டினால், ஸ்பிரிங்கை மாற்ற வேண்டிய ஆண்டு கிடைத்துவிடும். அதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். உடையும்வரை காத்திருந்து விடியற்காலையில் பதறுவதைவிட, நமக்கு வசதியான ஒரு சனிக்கிழமையில் ஆளை வரவழைத்து மாற்றுவது எவ்வளவோ மேல்.

அடுத்த வாரம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். அதுவரை கதவடியில் கவனம்.